மருந்து வச்சவ

அந்தக் கவரை அப்படிக் காலுக்கடியில வைக்காத அம்மணி, பஸ்ஸுல எவனாவது ஏறையில மிதிச்சுப் போடுவான். மடியில வச்சுக்க. ரோசாச் செடிதானே? இலையைப் பாத்ததுமே கண்டுக்கிட்டேன். நர்சரியில வாங்கினயா? எவ்வளவுன்னு கேக்க மாட்டேன், கேட்டா ஏமாந்துட்டமேன்னு உனக்குத்தான் மனசு கஷ்டமாயிரும். இலையைத் திருப்பிப் பாத்து வாங்கினயா? பாக்கலையா? அதைத்தான் கண்ணு முதல்ல பாக்கோணும். மேல தண்ணியடிச்சுப் பளபளன்னு வச்சிருப்பானுக. பூச்சி அல்லாம் அடிப்பக்கம் உக்காந்திருக்கும். ஆளுகளும் அப்படித்தான், செடியை மட்டும் சொல்லி என்ன பண்ண?

சன்னலோரம் தூங்கறாரே, அவரு எங்கூட்டுக்காரரு. தூங்கட்டும். ராத்திரி பூரா வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நடந்தாரு. பால் சொசைட்டியில செக்ரட்டரியா இருந்தவரு. கேனைத் தூக்கி வண்டியில வைக்கறதுக்கு இன்னொரு ஆளைக் கூப்புட மாட்டாரு. இப்பப் பாரு, சட்டை ஆணியில மாட்டினாப்ல தொங்குது.

எங்க போறோம்னா கேக்கறே? சொல்றேன், நீ சிரிக்கக் கூடாது. அவருக்கு மருந்து வச்சுட்டாங்க. அதை எடுக்கப் போறோம்.

ஆஸ்பத்திரி மருந்தில்ல கண்ணு. நீ இந்தக் காலத்துப் புள்ள, உனக்கெங்க தெரியும். சோத்துலயோ காப்பியிலயோ கலந்து குடுத்து ஆளை மடக்கிப் போடறது. உள்ள போயிக் குடலோட ஒட்டிக்குமாம். ஆளு நாளுக்கு நாள் கரைஞ்சுக்கிட்டே போவான், ஆனா குடுத்தவ ஊட்டுப் பக்கமே பாத்துக்கிட்டு நிப்பான். டேம் தாண்டி ஒருத்தரு இருக்காராம், என்னமோ பச்சிலைச் சாறு ஒரு சொம்பு ஊத்தி, வாந்தியா எடுக்க வச்சு, மருந்தை உருண்டையாக் கையில காட்டறாராம். அங்கதான் போறோம். இவரு உடம்பு இருக்கற இருப்புக்குத் தாங்குமான்னு ஒரு பயம் இருக்குது. வேற வழி என்ன இருக்குது சொல்லு.

வச்சது ஆருன்னு கேளு. பக்கத்தூட்டுக்காரி. மேகலான்னு பேரு.

நீயே கேட்டுட்டு நாயத்தைச் சொல்லு. எங்கூட்டு வாசல் பூரா பன்னீர் ரோசா. நோம்பி நாளைக்கு எங்க வீதியில பாதிப்பேரு எங்கூட்டுக்குத்தான் பூவுக்கு வருவாங்க. ஆராருக்கு நல்ல மனசு, ஆரு பூவைப் பறிக்கையிலயே மொட்டையும் சேத்துக் கிள்ளறவன்னு எனக்கு அத்துப்படி. போன ஆடியில இவ குடி வந்தா. மெட்ராஸ் பக்கம். புருசன் பேங்குல வேலை, வெடியால போனா இருட்டினதுக்கப்பறம்தான் வருவான். வந்த அன்னைக்கே எங்கூட்டுக்காரரை ‘மாமா’ன்னு கூப்புடறா! எங்க பக்கம் அது கட்டிக்கிட்டவ கூப்புடற பேரு கண்ணு. நானே நாலு பேரு முன்னால கூப்புடக் கூச்சப்பட்டவ. இவ செவுத்துக்கு அந்தப்பக்கம் நின்னுக்கிட்டு மாமா, மாமாங்கறா. கேட்டா, “எங்க ஊர்ல பெரியவங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் மாமி”ங்கறா. என்னை மாமியாக்கிப் போட்டா பாத்தயா.

அவளும் ரோசா வச்சா. சரியா எங்க செவுத்தோரமா. ஏன், ஊட்டுக்கு வேற பக்கமே இல்லையா?

அவ வச்சு ஒரு மாசம் ஆகலை, எங்க செடியில இலையைக் காணோம். காணோம்னா முழுசா இல்ல. ஓரத்துல அரை வட்டமா வெட்டு. பூச்சி கடிச்சா எப்படி இருக்கும்? சல்லடையாட்டம் பிஞ்சு தொங்கும். இது கத்திரிக்கோல் புடிச்சு வெட்டினாப்ல, வளையலை வச்சுக் கோடு போட்டு எடுத்தாப்ல அவ்வளவு சுத்தம். எனக்கு அப்பவே சந்தேகம் தட்டுச்சு. ஒரு ஊட்டு இலையை எதுக்கு இன்னொருத்தி வெட்டிக்கிட்டுப் போவா? எதையாவது ஓதறதுக்குத்தானே? காலடி மண்ணை எடுப்பாங்க, தலைமுடிய எடுப்பாங்க. இவ இலையில ஆரம்பிச்சிருக்கறா.

சும்மா உடுவனா. “ஏம்மா, உங்கூட்டுல கத்திரிக்கோல் புதுசா வாங்கியிருக்குதா?”ன்னு கேட்டேன். சிரிக்கறா. “அது தேனீ மாதிரி ஒண்ணு மாமி. இலையை வட்டமா வெட்டிட்டுப் போய்க் கூடு கட்டும். செடிக்கு ஒண்ணும் ஆகாது, விட்டுடுங்க”ங்கறா. தேனீ தேனெடுக்குமா, தையக்கடை வைக்குமா? எனக்கென்ன காது குத்தலையா இன்னும்?

அப்பறம் அசுவினி வந்துச்சு. மொட்டுக் காம்புல பச்சைப் பச்சையா அப்பிக்குமே, அந்தப் பேன். அது எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லட்டுமா? ஒரு நா பொழுதோட நான் சமையக்கட்டுச் சன்னல்ல பாத்துக்கிட்டே இருக்கறேன், இவ தீப்பெட்டி ஒண்ணைத் தொறந்து, செவுத்துக்கு மேல கையை நீட்டி, எங்க செடி மேல எதையோ கொட்டறா. ஓடிப் போயிப் பாத்தா வண்டு! செவப்பு வண்டு, முதுகுல கறுப்புப் புள்ளி. கையுங்களவுமாப் புடிச்சுட்டேன். அவ கொஞ்சமாவது பயப்படோணுமே! “பொறிவண்டு மாமி. உங்க செடியில அசுவினி நிறைய இருக்கு, இது அதைத் தின்னுடும். என் செடியிலிருந்து பிடிச்சுட்டு வந்தேன்.” எப்படி? அவ செடியில இருக்கற வண்டைப் புடிச்சு எங்க செடியில உடறா, அது எனக்கு உபகாரமாம். பூச்சியத் திங்கற பூச்சியாம். ஒத்தை வண்டு உடாம அவ கண்ணு முன்னாலயே நசுக்கினேன்.

அதுக்கப்பறம் அசுவினி கொறைஞ்சுதான்னு கேளு. கொறையலை, இன்னும் எச்சாச்சு! வண்டு சாகறதுக்கு முன்னால முட்டை வச்சுட்டுப் போயிருக்கும். அவ கணக்கு அது.

எந்தம்பி பருத்தி போடறவன். அவங்கிட்டச் சொல்லி அழுதேன். அவன் குருணை மருந்து ஒரு பை கொண்டாந்து குடுத்தான். மணல் மாதிரி இருக்கும். “அக்கா, அடிக்கற மருந்து மழை வந்தா கழுவிக்கிட்டுப் போயிரும். இதை வேர்ல வச்சுத் தண்ணி உடு. செடி பூரா ஏறிரும். பூச்சி இலையைக் கடிச்சாலும் சாவும், பூவைக் கடிச்சாலும் சாவும்”னான். அவன் சொன்னதுல பொய் இல்ல. வச்சு ஒரு வாரத்துல ஒத்தைப் பேன் இல்ல. அந்த வட்ட வெட்டு கூட நின்னு போச்சு. பாத்தயா, மருந்து வச்சதும் கத்திரிக்கோல்காரி பயந்துட்டா! அதுல இருந்து அவன் சொன்ன அளவை உட ஒரு கை எச்சாவே வச்சுக்கிட்டு வாறேன். நாந்தான் வைப்பேன். இவரைத் தொட உடறதில்ல, மூச்சுக்கு ஆகாதுன்னு.

பூவு சும்மா கொட்டுச்சு கண்ணு. அத்தனையும் என்ன பண்றது? இவருக்கு உடம்புச் சூடு, வெளிக்குச் சரியாப் போறதில்லன்னு ரொம்ப நாளாச் சங்கடம். நாட்டு மருந்துக்கடைக்காரரு குல்கந்து திங்கச் சொன்னாரு. கடையில விக்கற குல்கந்தை நம்ப முடியுமா? எந்தக் கோயில்ல போட்ட மாலையோ, எவன் மிதிச்ச பூவோ. நானே போட்டேன். பூவை மூணு தண்ணி உட்டு அலசி, கல்கண்டு போட்டு, தேன் ஊத்தி, பீங்கான் ஜாடியில வெயில்ல வச்சு. ஜாடியத் தொறந்தா தெரு வரைக்கும் வாசம் போகும். வெடியால ஒரு கரண்டி, பொழுதோட ஒரு கரண்டி. நான் தொடறதில்ல, எனக்குச் சக்கரை இருக்குது. அல்லாம் அவருக்குத்தான். கல்யாணமாகி இத்தனை வருசத்துல ஆசையா ஒரு பண்டம் அவருக்குன்னே செஞ்சது இதுதான்னு வையேன்.

சரியா அந்தச் சமயம் பாத்துத்தான் அவ வேலையக் காட்டினா. நான் ஊட்டுல இல்லாதப்ப என்னமோ காப்பி கீப்பி குடுத்திருக்கோணும். இவருக்கு வாயில எச்சி ஊற ஆரம்பிச்சுது. குழந்தையாட்டம் தலைகாணி நனைஞ்சு போகும். நல்ல குளுரு நாள்ல வேர்த்துக் கொட்டும். வயித்தைப் புரட்டும். கையி நடுங்கும். கண்ணைப் பாத்தா கருமணி கடுகாட்டம் சுருங்கிக் கெடக்குது. கோபியில டாக்டருகிட்டக் காட்டினோம். அவரு, “தோட்டத்துல பூச்சி மருந்து எதும் அடிக்கறீங்களா?”ன்னு கேட்டாரு. இவரு பக்கத்துலயே போறதில்லீங்க, நாந்தான் வைக்கறேன், நான் கல்லாட்டம் இருக்கறேன்னேன். சாப்பாட்டுல புதுசா எதாவதுன்னாரு. அல்லாம் ஊட்டுச் சாப்பாடுதாங்கன்னு சொல்லிட்டேன். ரத்தம் எடுக்கச் சீட்டு எழுதிக் குடுத்தாரு. சீட்டு எழுதறவங்களைக் கண்டாலே எனக்குச் சந்தேகம். நாங்க எடுக்கலை.

அந்த மேகலாவுக்கு எங்க குல்கந்து மேலயும் கண்ணு. ஒரு நா செவுத்தோரம் வந்து நின்னு, “மாமி, வேர்ல குருணை வச்ச செடியோட பூவைச் சாப்பிடவே கூடாது. அலசினாலும் போகாது”ங்கறா. அன்னைக்குத்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது. எங்கூட்டுக் குல்கந்து உள்ள போனா அவ வச்ச மருந்து வேலை செய்யாது. அதான் அதை நிறுத்தப் பாக்கறா. எத்தனை ரோசனை பாரு!

இரு, இன்னும் இருக்குது. அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில துணி காயப் போட்டுக்கிட்டிருக்கறேன், இவரும் அவளும் செவுத்துக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நிக்கறாங்க. குசுகுசுன்னு பேச்சு. என் காதுல உழுந்ததை அப்படியே சொல்றேன். “மருந்து உள்ள போயிருக்கு மாமா. உடம்புல ஏறிட்டா எடுக்கறது கஷ்டம். நான் சொன்னா மாமி நம்ப மாட்டாங்க. நீங்களே பக்குவமாச் சொல்லுங்க.” கேட்டயா? மருந்து உள்ள போயிருக்குன்னு வச்சவளே சொல்றா! எங்கிட்டச் சொல்லச் சொல்றா, எவ்வளவு தெகிரியம் இருந்தா!

அன்னைக்குப் பொழுதோட கரண்டிய நீட்டறேன், இவரு, “இன்னைக்கு வேண்டாம் மயிலா”ங்கறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? “ஓ, வேண்டாம்னு அவ சொல்லிட்டாளா? அவ கையால குடுத்தா எறங்கும், எங் கையால குடுத்தா எறங்காதா?”ன்னு கேட்டுட்டு ஓன்னு அழுதுட்டேன். மனுசன் எங் கண்ணைத் தொடச்சு உட்டாரு. அப்பறம் கரண்டிய வாங்கி வாயில போட்டுக்கிட்டாரு. “அழுவாத. நீ குடுக்கறதைத் திங்கறேன். போதுமா?”ன்னாரு. அதுல இருந்து ஒரு நா வேண்டாம்னதில்ல. குடுக்கக் குடுக்கத் திங்கறாரு. பேச்சுத்தான் நின்னு போச்சு. ஆமாங்கறதில்ல, இல்லைங்கறதில்ல, செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறாரு. எந்தச் செவுத்தைன்னு நான் சொல்லோணுமா உனக்கு?

மக திருப்பூருல இருக்கறா, வாசுகி. அப்பனைப் பாத்துட்டுப் பதறிப் போயி அவ ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. அவசரத்துல ஜாடிய மறந்துட்டுப் போயிட்டாங்க. அங்க போனதும் மனுசன் தெளிஞ்சுட்டாரு கண்ணு! வாந்தி இல்ல, வேர்வை இல்ல. பேரனைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனாராம். போன்ல பேச்சுக் கூட நல்லா வந்துச்சு. அப்ப என்ன அர்த்தம்? இவ கண்ணு படாத தூரத்துல இருந்தா மருந்து அடங்கிக் கெடக்குது. சரி, தேறிட்டாருன்னு கூட்டிக்கிட்டு வந்தேன். இளைச்சுப் போயிருக்கறாரேன்னு வேளைக்கு ஒரு கரண்டிய ரெண்டாக்கினேன். ரெண்டாம் நாளே படுத்துட்டாரு. அவ செவுத்தை எட்டிப் பாத்திருக்கறா!

நீ என்ன, அவரையே திரும்பித் திரும்பிப் பாக்கறே? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? பஸ்ஸு ஒத்துக்காதா? இந்தா, எலுமிச்சம்பழம் வச்சிருக்கறேன்.

என்னது? எதைக் காட்டோணும்? குல்கந்து டப்பாவா? இருக்குது, மஞ்சப்பைக்குள்ள. ஊட்டுல இருந்து கெளம்பையில ரெண்டு கரண்டி குடுத்தேன், அங்க போயிச் சாறு குடிக்கறதுக்கு முன்னால இன்னும் ரெண்டு குடுக்கலாம்னு எடுத்தாந்திருக்கறேன். எதுக்குக் கேக்கறே?

ஆஸ்பத்திரியா? அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கோணுமா? ஏன்?

அம்மணி, இரு இரு. இப்ப நீ என்ன சொன்னே? மருந்து பூவுலதான் இருக்குதுன்னா சொன்னே? இதையே அவ சொன்னா. அச்சு மாறாம இதே வார்த்தை. ஆரு நீ? அவளுக்குச் சொந்தமா, ஒறம்பரையா? நான் ஏறையில எனக்கு இடம் உட்டு உக்காந்தயே, அப்பவே நெனைச்சேன். செடியக் கையில வச்சுக்கிட்டு உக்காந்தா நானே பேச்சுக் குடுப்பேன்னு சொல்லி அனுப்புனாளா?

அழுவறயே, எதுக்கு அழுவறே? நான் என்னத்தைச் சொல்லிப் போட்டேன் இப்ப?

நான் திம்பனான்னா கேக்கறே? இந்த டப்பாவுல இருந்து ஒரு வாய்? ஏன், திங்க மாட்டனா? சக்கரைன்னு உட்டுருந்தேன், ஒரு வாய் தின்னா செத்தா போயிருவேன்? எங் கையால பறிச்ச பூவு, எங் கையால கலந்தது. எனக்கென்ன பயம்? இந்தப் பையப் புடி. இத பாரு, கரண்டி நெறைய எடுக்கறேன். அவகிட்டப் போயிச் சொல்லு, மயிலாத்தா எங் கண்ணு முன்னாலயே தின்னான்னு.

ஏனுங்க! ஐயோ! கரண்டியில இருந்ததெல்லாம் கொட்டிப் போச்சு! எதுக்குங்க தட்டி உட்டீங்க? நீங்க தூங்கலையா? இத்தனை நேரம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க? கைய உடுங்க, வலிக்குது. எங்கிருந்து வந்துச்சு இந்த பலம் உங்களுக்கு?

என்ன? காதுல உழுகலை. பஸ்ஸு சத்தத்துல ஒண்ணும் கேக்கலை, மறுக்காச் சொல்லுங்க.

‘நீ திங்காத’ங்கறீங்களா? நான் திங்கக் கூடாதா?

ஏன்?

நான் திங்கக் கூடாதுன்னா, நீங்க எதுக்குத் தின்னீங்க? ஏனுங்க, எம் மூஞ்சியப் பாருங்க. அன்னைக்கு வேண்டாம்னீங்களே, அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சா வாயத் தொறந்தீங்க? வெடியாலயும் பொழுதோடயும் தெரிஞ்சேவா வாயத் தொறந்தீங்க? நான் அழுதுட்டேன்னுதானா? அவ பேச்சைக் கேட்டுட்டீங்கன்னு நான் சொல்லிப் போடுவேன்னுதானா?

தலைய ஆட்டாதீங்க. ஆமான்னு தலைய ஆட்டாதீங்க, என்னால பாக்க முடியலை.

கண்டக்டரு! ஐயா, நிறுத்துங்க! ஆஸ்பத்திரி தாண்டப் போகுது, விசில் அடிங்கய்யா! அம்மணி, அந்த டப்பாவ மூடி எடுத்துக்க, டாக்டருக்குக் காட்டோணும். அவரோட அந்தப்பக்கக் கையப் புடி. மெதுவா, மெதுவா. எம் மேல சாஞ்சுக்கங்க, பாரத்தைப் பூரா எம் மேல போடுங்க. ஏனுங்க, என்னைத் திட்டுங்க. அடி பாவின்னு ஒரு வார்த்தை திட்டிப் போட்டு எறங்குங்களேன்.